ஹரிக்கேனின் மூக்கில் கோட்டை விடாதீர்கள்

திருகோணமலையில் மாதிரி விமானம் செய்ய இறங்குகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஹரிக்கேனில்தான் கைவைக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, சீனக்குடாவிலிருந்து எழும்பி எதிர்த்தவை பிரிட்டிஷ் விமானப்படையின் 261ஆம் படையணியைச் சேர்ந்த ஹரிக்கேன் போர்விமானங்கள். ஊர்க்கதை என்பதால் ஆசை வருவது சரிதான். உடல், இறக்கை எல்லாம் பொறுமையாகச் செய்துவிட்டு, கடைசியில் மூன்று இதழ் புரொப்பெல்லரில் கோட்டை விடுகிறார்கள். அதுவும் எங்கள் காலத்தில் நாங்கள் விட்ட அதே இடங்களில்.

கையை வெட்டிக்கொள்வது, பசை காயுமுன் இழுத்துப் பார்ப்பது இவற்றையெல்லாம் எழுதப்போவதில்லை. பட்டால் தானாகத் தெரியும்.

கை மாறிய முறுக்கு

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். உப்புவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் விடுமுறை முழுக்க உட்கார்ந்து மூன்று இதழ் செதுக்கிக் கொண்டுவந்தார். மரக்காலையில் கேட்டு வாங்கிய மகாகனித் துண்டு. சாண்ட் பேப்பர் போட்ட பதம், விளிம்பின் மெல்லிசு எல்லாம் குறை சொல்ல முடியாது. மேசையில் நிமிர்த்தி வைத்தேன். மூன்றும் எதிர்க்கை, அதாவது சுற்ற வேண்டிய பக்கத்துக்கு எதிராக முறுக்கியவை.

"அண்ணா, திருப்பிப் பூட்டினால் சரிதானே?" என்றார். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். சரி வராது. ஒரு திருகாணியைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். புரி ஓடுகிற கை மாறுகிறதா? புரொப்பெல்லரும் அப்படித்தான். முன்பின்னாகத் திருப்பினால் புடைத்த முகம் பின்னுக்குப் போகும், அவ்வளவுதான். சுழலும் கை மாறாது.

அடுத்த யோசனை, இதழை மட்டும் குடத்துக்குள் (இதழ்கள் பொருந்துகிற நடுப்பகுதி) திருகிக் கோணத்தை மாற்றுவது. அதுவும் ஏமாற்றும். அடிப்பக்கம் சரியாக வந்துவிடும்; நுனி மட்டும் அடியை விட அதிகமாக நிமிர்ந்து நிற்கும். எந்த விமானத்திலும் அப்படி ஓர் இதழ் கிடையாது. புதிதாக வெட்டுவதைத் தவிர வழியில்லை. அந்த மகாகனி இப்போது பெயின்ட் கலக்கப் பயன்படுகிறது.

மெர்லின் எஞ்சின் பூட்டிய ஹரிக்கேனில், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். மூக்குக்கு முன்னால் நிற்கிற நமக்கு அது இடஞ்சுழி. பாதிப் பிழை இங்கேதான் பிறக்கிறது. புத்தகத்தில் 'வலஞ்சுழி' என்று வாசித்துவிட்டு, முன்னாலிருந்து பார்த்து வெட்டுகிறார்கள். ஓர் இதழை நேரே மேலே நிறுத்தி முன்னால் நின்று பாருங்கள். காற்றை வெட்டும் விளிம்பு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும், உங்களை நோக்கி முன்னுக்கு வந்திருக்கவும் வேண்டும். வலப்பக்க விளிம்பு பின்வாங்கியிருக்கும். புடைத்த முகம் உங்களுக்கு, தட்டை முகம் விமானிக்கு.

மீதிப் பிழை படத்தால் வருவது. பழைய படங்கள் சில இடவலம் மாறி அச்சாகியிருக்கும். உடற்பகுதியில் உள்ள எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஸ்பிட்ஃபயர் படத்தைப் பார்த்து ஹரிக்கேனுக்கு வெட்டுகிறவர்களும் உண்டு. பிந்திய ஸ்பிட்ஃபயர்களில் வந்த கிரிஃபன் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றும். அச்சு மட்டையைக் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டாலும் இதே கதிதான். மட்டையின் ஒரு பக்கத்தில் 'முன்' என்று பெரிதாக எழுதி வையுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. நல்ல மரத்தைத் தொடுமுன், விலையில்லாத பெட்டிப் பலகையில் இரண்டு இதழைக் கரடுமுரடாகச் சீவி, நடுவில் துளைபோட்டு ஓர் ஆணியில் கோத்துவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற நேரம் முன்முகத்தைக் காற்றுக்குக் காட்டிப் பிடியுங்கள். காற்று வருகிற பக்கத்திலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றினால் உங்கள் கை சரி. இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யச் சொன்னால் ஏனோ ஒருவரும் செய்வதில்லை.

ஒரே கோணத்தில் பலகைபோல நிற்கும் இதழ்

நுனி வேகமாகவும் அடி மெதுவாகவும் சுற்றுவதால், நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகக் கோணம் படுத்துக்கொண்டே போக வேண்டும். 12இல் 1 அளவில் ஹரிக்கேனின் இறக்கை 40 அங்குலம். புரொப்பெல்லர் ஏறத்தாழ 11 அங்குலம் வரும். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம், 8 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், நடுவிலிருந்து 2 அங்குலத்தில் சுமார் 32 பாகை, 4 அங்குலத்தில் 18, நுனியில் 13. பிட்ச்சை, அந்த இடத்தில் இதழ் போடுகிற வட்டத்தின் சுற்றளவால் வகுத்தால் கோணத்தின் டான் மதிப்பு கிடைக்கும், சாதாரணதரக் கணக்குதான். மூன்று இடத்துக்கும் மூன்று மட்டை வெட்டி, சீவும்போதே வைத்துப் பாருங்கள். கண்மதிப்பை நம்பினால் மூன்று இதழும் மூன்று விதமாக வரும்.

தடித்த பின்விளிம்பு

இன்னும் தேயுங்கள்.

மஞ்சள் நுனி

அசலில் 4 அங்குலம். இந்த அளவில் எட்டரை மில்லிமீட்டர். பெருவிரல் அகலத்துக்குப் பூசாதீர்கள்.

பளபளக்கும் கறுப்பு

வார்னிஷ் வேண்டாம். மங்கல் கறுப்பு போதும்.

அதையே எஞ்சினில் பூட்டுவது

செய்யவே வேண்டாம். தனித்தனியாகச் செதுக்கிக் குடத்தில் ஒட்டிய இதழ் காட்சிக்கு மட்டும்தான். எஞ்சின் நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றும்போது ஒட்டுவிட்டால், இதழ் புரொப்பெல்லருக்கு நேர் பக்கவாட்டில் நிற்கிறவரின் மேல்தான் பாயும். பறக்கவிடுகிற நாளில், பறப்பதற்கென்றே செய்து விற்கிற புரொப்பெல்லரைப் பூட்டுங்கள். திரும்பி வந்து மேசையில் வைத்த பிறகு செதுக்கியதை மாட்டிக்கொள்ளலாம்.