போக்கர் கதையில் எதிராளி சீட்டை முதலிலேயே காட்டலாமா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை போக்கர் நடக்கும். பணம் கிடையாது, புளியங்கொட்டைதான். அப்படி ஒரு ஆட்டத்தை எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரம்மியில் அம்மாவை ஜெயிக்க எங்கள் தெருவில் ஆள் இல்லை. "எதிர்ல இருந்தவன் கையில ரெண்டு ராஜா" என்று ஆரம்பித்ததுமே, "அதை ஏன்டா இப்பவே சொல்ற?" என்றார்.

எல்லாரும் செய்கிற தவறு இது. நாங்கள் ஆடும் போக்கர் வகையான டெக்சஸ் ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்ந்திருக்கும். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்) எனத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விவரம் வரும். ஆடுகிறவனுக்குத் தெரியாததை வாசகருக்கு முந்திச் சொன்னால், அவர் ஊகிக்க என்ன இருக்கிறது?

விதிவிலக்கும் உண்டு. 2003 உலகப் போக்கர் தொடரில் 25 லட்சம் டாலர் ஜெயித்த கிறிஸ் மணிமேக்கர், இறுதிக் கட்டத்தில் ஒரு ஜோடிகூட இல்லாமல் பந்தயச் சில்லுகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். ஜோடி வைத்திருந்த சாமி ஃபார்ஹா பயந்து ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். இங்கே இருவர் கையும் நமக்குத் தெரிந்தால்தான் பதைபதைப்பு. பலர் அந்த 25 லட்சத்தை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அம்மாவின் அடுத்த கேள்வி: "அவன் நூறு வெச்சான்னா, நடுவுல எவ்வளவு கிடந்துச்சு?" நான் எழுதவே இல்லை. டர்ன் வரை நடுவில் இருப்பதையும் சேர்த்து என்னிடம் ஒரே ஜாதியில் நாலு சீட்டு; ஐந்து சேர்ந்தால் ஃபிளஷ், வலுவான கை. ஐந்தாவது ரிவரில் வர ஐந்தில் ஒரு வாய்ப்பு. நடுவில் 100 கொட்டை கிடக்க, அவன் 20 வைத்தால் 120க்காக 20 போடலாம், தப்பில்லை. 100 வைத்தால் 200க்காக 100 போடணும், அது வீம்பு. நான் போட்டேன். கதையே அந்த வீம்புதான், அதைத்தான் விட்டுவிட்டேன்.

அப்புறம், கதைக்குக் கதை ராயல் ஃபிளஷ் (ஒரே ஜாதியில் பத்து முதல் ஏஸ் வரை) வேண்டாம். ஐந்து சீட்டில் அது அமைவது 6,49,740க்கு ஒரு முறை. மணிமேக்கர் செய்தது போல, இல்லாத கையை இருப்பதாகக் காட்டும் பிளஃபை 'ஏமாற்று' என்று தமிழாக்கவும் வேண்டாம், ஏதோ போலீஸ் கேஸ் மாதிரி ஆகிவிடும்.

'நீங்களும் சம்பாதிக்கலாம்' என்கிற தொனியும் கூடாது. 2025 மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளோடு அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்கிறது.