சிங்கப்பூரில் சாப்பாடும் சுற்றலும்: நம்மாட்கள் செய்கிற தவறுகள்

முதல் தவறு விமானம் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இலங்கை மலையகத்து ஹட்டனில் பகல் சாப்பாட்டை முடித்து வேன் ஏறி, கினிகத்தேனை வளைவுகளில் தலை சுற்றி, கட்டுநாயக்க விமான நிலையத்தில் நள்ளிரவு வரை காத்துக் கிடந்து, நான்கு மணி நேரம் பறந்து இறங்கினால் அங்கே விடிந்திருக்கும். நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னுக்கு ஓடுகிற ஊர் அது, உடம்புக்கோ இன்னும் சாமம்தான். அறைச் சாவி பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். இது தெரியாமல் முதல் நாளிலேயே மெர்லயன் சிலை, செந்தோசாத் தீவு, சைனாடவுன் என்று எழுதிக்கொண்டு போனவன் நான். மெர்லயன் சிலைக்கு எதிரே அம்மா கைப்பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற படம்தான் அன்றைக்கு மிஞ்சியது. முதல் நாளுக்கு ஒரு நல்ல சாப்பாடு, பின்னேரம் ஒரே ஒரு இடம், போதும்.

அப்புறம் சாப்பாடு. பெரிய கடைத்தொகுதிகளில் இருக்கிற உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள், அதைக் கவனிக்காமல் ஓர்டர் பண்ணுவது நம்மாட்களின் வழக்கம். அந்தக் குறிக்கு அர்த்தம் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 வீதம் வரி. 20 டொலர் சாப்பாடு பில்லில் கிட்டத்தட்ட 24 ஆகிவிடும். (டிப்ஸ் வைக்கிற வழக்கம் அங்கே இல்லை. குழாய்த் தண்ணீரையும் பயமில்லாமல் குடிக்கலாம், போத்தலுக்குக் காசு கொட்ட வேண்டாம்.)

உண்மையான சாப்பாடு ஹோக்கர் சென்டர் என்கிற உணவங்காடிகளில் இருக்கிறது. யுனெஸ்கோவே 2020இல் அந்த உணவங்காடிப் பழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஐந்தாறு டொலருக்கு ஒரு தட்டு நிறையக் கிடைக்கும். ஆனால் அங்கேயும் ஒரு சட்டம் இருக்கிறது, யாரும் எழுதி ஒட்டி வைக்காத சட்டம்: காலி மேசையில் ஒரு டிஷூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது. என் தம்பி அது தெரியாமல் உட்கார்ந்ததோடு நிற்காமல், பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி முகத்தையும் துடைத்துவிட்டான். கையில் சூடான சூப்போடு வந்து நின்ற மனிதர் ஒன்றும் பேசவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021இலிருந்து இது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், மாற்றி வைக்காதீர்கள். மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் தட்டில் தெரிகிற கறியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சார் குவே தியாவ் என்கிற கறுத்த நூடுல்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது பழைய வழக்கம். கேட்டுவிட்டே வாங்குங்கள். நண்டு கடையில் விலை எடைக்கு, எத்தனை கிலோ என்று சமைக்கிறதுக்கு முன்பே கேளுங்கள்.

மூன்று வேளையும் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலேயே சாப்பிடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? தோசை நல்ல தோசைதான், அதற்காகவா இவ்வளவு தூரம் போனோம்? ஒரு இரவு லாவ் பா சாட் என்கிற பழைய உணவங்காடிக்குப் போங்கள். பக்கத்துத் தெருவை மூடி மேசை போட்டு, கரி அடுப்பில் சாத்தே, அதாவது குச்சியில் கோத்த இறைச்சி, சுடுவார்கள், புகை கண்ணை எரிக்கும், பரவாயில்லை.

தேயிலை நாட்டுக்காரர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. தே என்று கேட்டால் டின்பால் ஊற்றிய தேத்தண்ணி வரும். அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்னடா, பாயாசத்தை ஆத்திக் குடுத்திருக்காங்க" என்றார். பால் ஊற்றாத நம் சாயத்தண்ணி வேண்டுமானால் தே ஓ என்று கேட்க வேண்டும், அதில் சீனி இருக்கும். சீனியும் வேண்டாமென்றால் தே ஓ கொசோங். கோப்பிக்கும் இதே கணக்கு.

சுற்றிப் பார்ப்பதில் பெரிய தவறு வெயிலை மறப்பது. ஸ்வெட்டர் போட்டு வளர்ந்த உடம்பு, அங்கே பகலில் 31, 32 பாகை, காற்றிலோ ஈரம். தாவரவியல் பூங்காவுக்குப் பத்து மணிக்குப் போய் வாடி வதங்குகிறார்கள், அதுவோ காலை 5 மணிக்கே திறக்கிறது, நுழைவும் இலவசம், ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். தோட்டப் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த ரப்பர் கன்றுகளை வைத்து, பால் வெட்டும் முறையைச் செப்பம் செய்த இடம் அது.

மெரினா பக்கத்து கார்டன்ஸ் பை த பே பூங்காவில் மேகக்காடு என்று ஒரு கண்ணாடிக் கூடம். உள்ளே 35 மீட்டர் உயரச் செயற்கை மலை, அருவி, குளிர், மூடுபனி. டிக்கெட் விலையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, தலவாக்கலை ரோட்டில் நின்றால் 97 மீட்டர் டெவோன் அருவி சும்மா தெரிகிறதே! செடிகளில் ஆர்வம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் அந்தக் காசை வைத்துக்கொண்டு, வெளியே இராட்சத மரங்களைப் போலக் கட்டிய கோபுரங்களின் ஒளிக்காட்சியைப் பாருங்கள். இரவு 7.45க்கும் 8.45க்கும், இலவசம். கீழே புல்லில் மல்லாந்து பார்க்கிறவர்களுக்குத்தான் நல்ல காட்சி.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கிற மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்தது. நம் தோட்டத்து அம்மன்தானே என்று மத்தியானம் போய் நிற்காதீர்கள், நடை சாத்தியிருக்கும். காலையில் அல்லது ஆறு மணிக்குப் பிறகு போங்கள்.

எம்ஆர்டி ரயிலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் 500 டொலர் வரை தண்டம் போடலாம், டுரியன் பழத்தோடு ஏறவும் கூடாது. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் வீட்டிலேயே வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். மெல்லுகிற புகையிலை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை செய்த பொருள். சிகரெட்டும் ஒரு பெட்டி என்றாலும் சுங்கத்தில் காட்டி வரி கட்ட வேண்டும்.