பழைய ஆங்கிலத்தில் 'லெட்': மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆங்கிலப் பத்திரங்களையும் வேதாகமப் பகுதிகளையும் தமிழில் பெயர்க்கப் புதிதாக வருகிறவர்களின் பக்கங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள 'லெட்' வருகிற இடத்தில் ஆள் மாற்றி ஆள் அதே குழியில் விழுகிறார்கள். ஆரம்பத்தில் நானும் விழுந்த குழிதான். எழுத்துப்பிழை, காலப்பிழை போன்றவற்றை இங்கே தொடவில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும். இது அப்படிச் சரியாகாது, யாராவது சொல்ல வேண்டும்.

எல்லா இடத்திலும் 'விடு' என்றே எழுதுவது

ஒரு கிரயப் பத்திரம் திருத்தத்துக்கு வந்தது. விற்றவராலோ அவருடைய வாரிசுகளாலோ 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' (தடங்கலோ இடையூறோ) எதுவும் இல்லாமல் வாங்கியவர் சொத்தை ஆண்டு அனுபவிக்கலாம் என்பது மூல வாசகம். புதிதாக வந்த பெண் அதை "வாடகைக்கு விடாமலும் தடை செய்யாமலும் ஆண்டு அனுபவிக்க வேண்டியது" என்று எழுதியிருந்தார். என் கைக்கு வருவதற்குள் அந்தப் பிரதி வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்விட்டது. அவருடைய அப்பா தமிழை மட்டும் படித்தார். "மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடத்தானே வாங்குகிறோம், இது என்ன நிபந்தனை?" என்று கேட்டுப் பதிவையே தள்ளிப்போட்டுவிட்டார். இரண்டு குடும்பங்களுக்கு நடுவே வீணாகச் சந்தேகம் முளைத்தது. வாங்குகிறவருக்குப் பாதுகாப்பாக எழுதிய வரி, அவர் கையைக் கட்டுகிற வரியாக மாறியிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

விஷயம் இதுதான். பண்டைய ஆங்கிலத்தில் 'லாட்டன்', 'லெட்டன்' என்று இரண்டு வினைகள் இருந்தன. முன்னதற்கு விடுதல், அனுமதித்தல் என்று பொருள்; வாடகைக்கு விடுவதும் இதில்தான் சேரும். பின்னதற்குத் தடுத்தல், தாமதப்படுத்துதல் என்று பொருள். இன்றைய 'லேட்' என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவு. காலப்போக்கில் இரண்டும் தேய்ந்து ஒரே உச்சரிப்புக்கு வந்துவிட்டன. அதனால்தான் ஒரே சொல் 'விடு' என்றும் 'விடாதே' என்றும் நிற்கிறது.

பிரித்தறிய வழி உண்டு. 'அனுமதி' என்ற பொருளில் வந்தால் பின்னால் பெரும்பாலும் இன்னொரு வினை இருக்கும்: போக விடு, பேச விடு. அந்த வினை இல்லாமல் ஆள் மட்டும் நின்றால் உஷாராகிவிடுங்கள். ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கத்தில் தந்தையின் ஆவி இளவரசனைக் கையசைத்து அழைக்கிறது. ஹொரேஷியோவும் மார்செல்லஸும் அவனைப் பிடித்து நிறுத்துகிறார்கள். என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான் அவன். போக விடுகிறவனை எதற்காகக் கொல்ல வேண்டும்? தடுக்கிறவனைத்தான் சொல்கிறான்.

பின்னால் 'ஃப்ரம்' வந்தாலும் தடைதான். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்தில், யாத்திராகமம் 5:4-இல் பார்வோன் மோசேயையும் ஆரோனையும் பார்த்துக் கேட்கிற கேள்வி அப்படித்தான் அமைந்திருக்கிறது: ஜனங்களை ஏன் வேலை செய்ய விடாமல் கலைக்கிறீர்கள் என்று. அதே பதிப்பில் 2 தெசலோனிக்கேயர் 2:7-இல் இந்தச் சொல் இரண்டு முறை வருகிறது. அதைப் படித்துக் குழம்பினால் நம் தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். 'தடைசெய்கிறவன்' என்று தெளிவாக இருக்கிறது. ஆங்கிலேயர்களே 1881-இல் திருத்தியபோது இந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கட்டுப்படுத்துகிறவர் என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள்.

'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று ஜோடியாக வந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை அடுக்குவது ஆங்கிலச் சட்ட நடையின் பழக்கம். நம் இந்தியப் பாஸ்போர்ட்டின் உள்ளேயும் இதே ஜோடி இருக்கிறது. இதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்டுக்கொள்கிற வாசகம் அது. தமிழில் இரண்டு சொல் தேடி அலைய வேண்டியதில்லை. 'யாதொரு தடையுமின்றி' போதும். அடுக்கு வேண்டும் என்று வக்கீல் கேட்டால் 'தடங்கலோ இடையூறோ இன்றி' என்று கொடுங்கள்.

விளையாட்டில் 'அனுமதி' என்பது

ஸ்குவாஷில் எதிராளி வழியில் நின்றுவிட்டால் ஆட்டக்காரர் 'லெட்' கேட்பார். இடைஞ்சலுக்காகப் புள்ளியைத் திரும்ப ஆடுவதுதான் அது.

கட்டளையை அனுமதி ஆக்குவது

ஆதியாகமம் 1:3-இல் 'லெட் தேர் பி லைட்' என்பதற்கு 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்றுதான் தமிழ். அங்கே யாரும் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை.

ரத்தம்

'லெட் பிளட்' என்றால் நாளத்தைக் கீறி ரத்தம் வடியவிடும் பழைய வைத்தியம். 1799 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டனின் கடைசி நாளில் மருத்துவர்கள் அவருக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தார்கள். 'ரத்தம் சிந்தினார்' என்று எழுதினால் படிக்கிறவர் போர்க்களத்தை நினைத்துக்கொள்வார்.

அகராதியில் முதல் பதிவோடு மூடிவிடுவது

பெரிய அகராதிகளில் 'லெட்' தனித்தனிப் பதிவுகளாக இருக்கும். கடைசிப் பதிவு வரை போங்கள்.

பயந்துபோய் எல்லாவற்றையும் 'தடை' ஆக்குவது

இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு சிலர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். குத்தகைப் பத்திரத்தில் 'லெட்' வினையாக வந்து, பக்கத்தில் வாடகைத் தொகையும் மாதக் கணக்கும் இருந்தால் அது வாடகைக்கு விடுவதுதான். சரி, ஒரே பத்திரத்தில் இரண்டும் வருமா என்றால், வரும். மேலே வீட்டை வாடகைக்கு விடுவார்கள். கீழே, குடியிருப்பவர் தடையின்றி அனுபவிக்கலாம் என்று இதே சொல்லை வைத்தே எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு இடத்தையும் தனியாகப் படித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.