ஹார்ட் வீக்கான நாய்க்கு உடம்புல ஏன் தண்ணி கோத்துக்குது? ஸ்டெப் ஸ்டெப்பா பாப்போம்

எங்க நாய்க்கு மைட்ரல் வால்வு (ஹார்ட்டோட இடது பக்கம் இருக்குற கதவு மாதிரி ஒண்ணு) லீக்குன்னு தெரிஞ்சப்போ கைல நாலு மாத்திரைதான் வந்துச்சு, எது எதுக்குன்னு ஒண்ணுமே புரியல. அப்புறம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன்.

ஸ்டெப் 1: கிட்னி எங்க ஏமாறுதுன்னு பாருங்க

ஹார்ட் சரியா பம்ப் பண்ணலன்னா கிட்னிக்கு வர்ற ரத்தம் கொறையும். கிட்னிக்கு ஹார்ட்டு கதையெல்லாம் தெரியாது, எங்கயோ அடிபட்டு ரத்தம் போகுதுன்னு நெனச்சு பதறிப்போய் ரெனின்ங்கற என்சைம ரத்தத்துல விட்டுடும். அந்த ரெனின், கல்லீரல்லேருந்து வர்ற ஒரு புரதத்த வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்கும், ஏசிஇ-ன்னு ஒரு என்சைம் (நுரையீரல்ல நெறைய இருக்கும்) அத ஆஞ்சியோடென்சின் 2 ஆ மாத்தும். இதுதான் வில்லன். ரத்தக்குழாய இறுக்கும், கிட்னி மேல இருக்குற அட்ரினல் சுரப்பிய தட்டி அல்டோஸ்டிரோன்ங்கற ஹார்மோன விட வைக்கும், அது உப்ப வெளிய விடாம புடிச்சு வச்சுக்கும், உப்பு எங்கயோ தண்ணியும் அங்க. போதாததுக்கு மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பிலேருந்து வாசோபிரசின்னு இன்னொரு ஹார்மோன் வேற வந்து தண்ணிய மட்டும் தனியா தேக்கும்.

நெஜமா அடிபட்ட நாய்னா இதே வேலைதான் உயிரையே காப்பாத்தும். இங்க ரத்தம் எங்கயும் போகல, அதான் சிக்கல். ஹார்ட்டோட இடது பக்கம் தேங்கினா நுரையீரல்ல நீர், வலது பக்கம்னா வயிறு உப்பும்.

ஸ்டெப் 2: எதிர் டீம்

ஹார்ட்டு சுவர் இழுபட்டா அதுவே ஏஎன்பி, பிஎன்பி-ன்னு ரெண்டு ஹார்மோன் விட்டு உப்ப வெளிய தள்ளப் பாக்கும். நோய் முத்துனா இதால தாக்குப்பிடிக்க முடியாது. ரத்தத்துல என்டி-ப்ரோபிஎன்பி (பிஎன்பி உருவாகும்போது கூடவே வர்ற துண்டு) டெஸ்ட் எடுக்கச் சொல்றது அதோட அளவ வச்சு ஹார்ட் எவ்ளோ கஷ்டப்படுதுன்னு கணிக்கத்தான்.

ஸ்டெப் 3: மாத்திரைய மேட்ச் பண்ணுங்க

ஃபுரோசமைடு உப்பையும் தண்ணியையும் யூரின்ல தள்ளும். ஆனா தண்ணி கொறஞ்சதும் கிட்னி மறுபடி பதறி ரெனின் விடும், அதனாலதான் கூடவே எனலாப்ரில் இல்ல பெனாசெப்ரில் (ஏசிஇ-ய தடுக்கும்), ஸ்பைரோனோலாக்டோன் (அல்டோஸ்டிரோன தடுக்கும்) எல்லாம் தர்றாங்க. பிமோபெண்டான், ஹார்ட் நல்லா பம்ப் பண்றதுக்கு. டோஸ நீங்களா கூட்டி கொறைக்காதீங்க, கிட்னியும் பொட்டாசியமும் ரத்த டெஸ்ட்ல பாத்துதான் மாத்துவாங்க.

ஸ்டெப் 4: மூச்ச எண்ணுங்க

நல்லா தூங்கும்போது மட்டும். கனவு கண்டு கால் ஒதைக்கும்போது வேணாம். நெஞ்சு ஏறி எறங்குனா ஒண்ணு, 30 செகண்டு எண்ணி ரெண்டால பெருக்குங்க. சாதாரணமா நிமிஷத்துக்கு 30-க்கு கீழதான் இருக்கும். தொடர்ந்து அதுக்கு மேல போச்சுன்னா நுரையீரல்ல நீர் சேருதோன்னு சந்தேகம், அன்னைக்கே டாக்டருக்கு போன் போட்டுடுங்க. ஈறு நீலம் பூத்தா, படுக்கவே முடியாம கழுத்த நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா போன்லாம் வேணாம், தூக்கிட்டு ஓடுங்க.

ஒண்ணு மறந்துட்டேன், தண்ணி சேருதேன்னு தண்ணிக் கிண்ணத்த எடுத்து ஒளிச்சு வைக்காதீங்க. நான் ஒரு ராத்திரி அப்படி செஞ்சேன், ஃபுரோசமைடு போட்ட நாய் தாகத்துல பாத்ரூம் தரைய நக்கிட்டு இருந்துச்சு.