மலைமேல இருக்கிற பழைய சர்ச்ச மியூசியம் ஆக்கணுமா? முதல்ல அதோட கதைய தேடுங்க

சேர்வராயன் மலைப்பக்கம் ஆராதனை நின்னுபோன சர்ச் ஒன்ன ஊர் மியூசியமா மாத்தலாம்னு கமிட்டி போட்டதுமே எல்லாரும் கண்ணாடி அலமாரி விலை விசாரிக்கத்தான் ஓடுவாங்க, அது கடைசி வேலைங்க. அந்த கட்டடம் யார் கட்டினது, எப்போ, யாருக்காகன்னு எழுதி முடிச்சிட்டு அப்புறம் அலமாரிக்கு போங்க.

ஊர்ல கேட்டா "வெள்ளைக்காரன் கட்டினது, 200 வருஷம் இருக்கும்"பாங்க. எந்த சர்ச்ச காட்டினாலும் அதே 200 தான். 1820கள்ல சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்க காபி கொண்டுவந்த பிறகுதான் மெல்ல மெல்ல எஸ்டேட்டே வந்துச்சு, சர்ச் அதுக்கும் பின்னாடிதான் வந்திருக்கும், அத மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க.

முதல்ல அது எந்த சபைன்னு பாருங்க, ஏன்னா பேப்பர் அங்கதான் இருக்கும். லண்டன் மிஷன்ங்கிற புராட்டஸ்டன்ட் மிஷனரி சங்கம் சேலத்துல வேலைய ஆரம்பிச்சது 1827ல, அவங்க கடிதம் ரிப்போர்ட் எல்லாம் லண்டன்ல சோவாஸ் (SOAS) காலேஜ் லைப்ரரில இருக்கு. கத்தோலிக்க கோயில்னா சேலம் மறைமாவட்டமே 1930லதான் உருவாச்சு, அதனால ஆயர் இல்லத்துல மட்டும் கேட்டுட்டு திரும்பிடாதீங்க, அதுக்கு முந்தின பேப்பருக்கு பாண்டிச்சேரி பக்கமும் தேடணும்.

கல்லறைக் கல்லுல எழுத்து தேஞ்சிருந்தா ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் வேணாம். சாயங்காலம் இருட்டினதும் டார்ச்ச கல்லுக்கு பக்கவாட்டுல ஒட்டினாப்ல பிடிச்சு போட்டோ எடுங்க, பகல்ல கண்ணுக்கே தெரியாத வருஷம்கூட நிழல் விழுந்து எழும்பி வரும். மெட்ராஸ் மாகாணக் கல்லறை வாசகங்கள ஜே.ஜே. காட்டன்ங்கிறவர் தொகுத்து 1905ல போட்ட புத்தகத்தையும் ஒருதடவ புரட்டிருங்க, இப்ப உடைஞ்சு கிடக்கிற கல்லு அதுல முழுசா இருக்கலாம்.

என்னக் கேட்டா நெஜமான புதையல் ஞானஸ்நான ரெஜிஸ்டர்தான். அதுல பல சபைங்க அப்பாவோட தொழிலையும் எழுதி வச்சிருப்பாங்க, தொழில் எழுதின அந்த ஒரு பத்திய மட்டும் வரிசையா எடுத்து எழுதினாலே அந்த சர்ச்சுக்கு துரைங்க வந்தாங்களா, மேஸ்திரியும் ரைட்டரும் கூலி ஆளுங்களும் வந்தாங்களான்னு தெரிஞ்சுபோகும். லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, பேப்பரே போயிரும்.

புரூஸ் ஃபுட் பேர எல்லா போர்டுலயும் சேக்கணும்னு ஆசை வரும். 1863ல பல்லாவரத்துல கற்கோடரி கண்டுபிடிச்சவர், ஏற்காட்டுல வாழ்ந்தவர், சரிதான், ஆனா அவர் அஸ்தி இருக்கிறது ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சுல, அவர் சேகரிச்சத 1904லயே மெட்ராஸ் மியூசியம் வாங்கிடுச்சு. உங்க ஊர்ல ஏர் ஓட்டுறப்ப கிடைச்ச கல்லுக்கு அவர் பேர ஒட்டாதீங்க, எந்த காட்டுல யாருக்கு கிடைச்சதுன்னு எழுதுங்க, அதுதான் மதிப்பு.

சுவரு சுண்ணாம்புக் காரையா இருந்தா சிமெண்ட் பூசவே கூடாது, ஏற்காட்டு பனிக்கும் மழைக்கும் ஈரம் உள்ளயே நின்னு காரை பொரிஞ்சு கொட்டும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார்தான் வேணும்.

பொருள் வர ஆரம்பிச்சா ஒரு கெட்டி அட்டை நோட்டு போட்டு நம்பர், குடுத்தவர் பேர், தேதி எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, சும்மா வைக்க குடுத்தாங்களா ஒரேயடியா குடுத்தாங்களான்னும் எழுதணும், இல்லன்னா நாளைக்கு பேரன் வந்து எங்க தாத்தா கடிகாரத்த குடுன்னு நிப்பான்.