மார்பில் கட்டி தட்டுப்பட்டால் பரிசோதனையை எப்படி முழுமையாக முடிப்பது

மார்பில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால், அது புற்றுநோய்தான் என்று நடுங்க வேண்டியதில்லை. வலிக்கவில்லையே என்று விட்டுவிடவும் கூடாது. இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை நார்க்கட்டி, நீர்க்கட்டி போன்ற தீங்கற்றவையே. ஆயினும் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாததை நல்ல அறிகுறி என்று எண்ணிப் பல பெண்கள் மாதங்களை இழந்துவிடுவது வேதனைக்குரியது.

மார்பகத்தின் வழக்கமான தன்மையை அறிந்திருப்பவருக்கு மாற்றம் விரைவில் புலப்படும். மாதவிடாய் முடிந்த சில நாட்களில், வீக்கம் குறைந்திருக்கும்போது, கண்ணாடிமுன் கைகளைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பாருங்கள். பின்னர் நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால், முதலில் மெதுவாகவும் பிறகு அழுத்தியும், காறை எலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரையிலும் அக்குளிலும் தடவிப் பாருங்கள். புதிய கட்டி, தோல் குழிவிழுதல் அல்லது ஆரஞ்சுத் தோல்போல் தடித்தல், காம்பு புதிதாக உள்வாங்குதல், இரத்தக் கசிவு, காம்பில் ஆறாத புண் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் 'பால் கட்டிக்கொண்டது' என்று தாங்களே முடிவு செய்துவிடக் கூடாது. அரிதாக ஆண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

கட்டியின் தன்மையைக் கையால் தொட்டு மட்டும் உறுதிப்படுத்த முடியாது. மருத்துவர் கையால் பரிசோதிப்பது, படமெடுத்துப் பார்ப்பது, தேவையெனில் திசு எடுத்துச் சோதிப்பது என்னும் மூன்றின் முடிவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இளம் வயதினரின் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால், 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பது வழக்கம். 40 வயதைக் கடந்தவர்களுக்கு மார்பகத்தின் எக்ஸ்-ரே படமான மேமோகிராமும் தேவைப்படும். மேமோகிராமில் மார்பகத்தைச் சில நொடிகள் இரு தட்டுகளுக்கிடையே அழுத்துவார்கள். அசௌகரியம்தான், ஆனால் கைக்குத் தெரியாத நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளைக்கூட அது காட்டிவிடும். அதே சமயம், கையில் கட்டி தெளிவாகத் தட்டுப்படும்போது மேமோகிராம் இயல்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

ஐயம் எழுந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு, தடித்த ஊசியால் சிறு திசுத் துண்டுகளை எடுப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவும் என்ற அச்சம் இன்னும் பலரைத் தடுக்கிறது. அதற்காகப் பயாப்ஸி எனப்படும் இந்தத் திசுச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் புற்றுநோயா என்பதையும், ஆம் எனில் அதன் வளர்ச்சியைத் தூண்டக்கூடிய ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன், ஹெர்2 ஏற்பிகளின் நிலையையும் அந்தத் திசுவிலிருந்தே அறிந்து சிகிச்சையை வகுக்கிறார்கள். மருத்துவரை முதலில் பார்த்ததிலிருந்து 60 நாட்களுக்குள் இவையனைத்தும் முடிய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் இலக்கு. எனவே முதல் சந்திப்பின் தேதியைக் குறித்துவைத்து, முடிவு எப்போது வரும் என்று தயங்காமல் கேளுங்கள்.

அறிகுறி ஏதுமில்லாதவர்கள் எந்த வயதில் மேமோகிராம் பரிசோதனையைத் தொடங்குவது என்பது நாட்டுக்கு நாடு 40 அல்லது 50 என வேறுபடுகிறது. தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், அந்த வயதுக்காகக் காத்திராமல், பரம்பரையாக வரும் புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் பிஆர்சிஏ (BRCA) மரபணுச் சோதனை தேவையா என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.