பழைய டிவி கேமை எடை போடுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

"ஏனுங்கண்ணா, இந்தப் பழைய கேம் ஆடலாமுங்களா, நல்லா இருக்குமுங்களா?" என்று கேட்கிற தம்பிகள் நம்ம கொங்குப் பக்கம் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் இரண்டே வகைதான். சின்ன வயதில் ஆடியவர் "அந்தக் காலத்து கேம் மாதிரி வருமா" என்பார். இப்போது ஆடிப் பார்த்தவர் "படம் மட்டம், ரொம்பக் கஷ்டம்" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார். இரண்டையும் வைத்து அந்த கேம் நல்லதா கெட்டதா என்று முடிவு பண்ண முடியாது.

ஒரு குறை கண்ணில் பட்டதும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது யாருடைய குறை? உங்கள் வீட்டு டிவியா, அந்தக் காலத்துப் பெட்டியா, இல்லை கேமைச் செய்தவரா? இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

படி 1: வீட்டுக் கோளாறை முதலில் கழித்துவிடுங்கள்

பழைய பெட்டியை இன்றைய எல்இடி டிவியில் மாட்டினால், பட்டனை அழுத்துவதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவில் சின்னத் தாமதம் வரும். டிவி செட்டிங்கில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள். படம் அகலமாக இழுபட்டுத் தெரிந்தால் 4:3 என்று மாற்றுங்கள். இதெல்லாம் செய்யாமல் "கன்ட்ரோல் சரியில்லை" என்று எழுதினால், அந்தக் கேமுக்குச் செய்கிற அநியாயம்.

டக் ஹன்ட் (1984) துப்பாக்கி வேலை செய்யவில்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி முனையில் இருக்கிற கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பட்டதா இல்லையா என்று முடிவு செய்யும். பழைய குண்டு டிவியின் வேகத்தை நம்பிச் செய்த ஏற்பாடு அது. எல்இடி டிவியில் அது நடக்காது. கேமின் மேல் தப்பில்லை.

நம்ம ஊருக்கு மட்டும் இன்னொரு சங்கதி உண்டு. 90களில் இங்கே வீடுகளுக்கு வந்த டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் நின்டென்டோவின் ஃபேமிகாம் (ஜப்பான், 1983) பெட்டியின் நகல்கள். ஜப்பான் டிவி நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். நம்முடைய பால் (PAL) முறை டிவி 50 தடவைதான். அந்த கேம்களோ ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி என்று கணக்கு வைத்து ஓடுபவை. அதனால் 60க்காக எழுதிய கேம் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது, பாட்டும் சேர்ந்து மெதுவானது. இன்று அதே கேமை 60 வேகத்தில் ஆடுகிறவர்கள் "இவ்வளவு வேகமாகவா இருந்தது?" என்று திகைப்பது இதனால்தான்.

அப்புறம் அந்த '9999 இன் 1' கேசட். அதில் இருந்தது கொஞ்சம் கேம்கள்தான். ஒரே கேம் வேறு வேறு பெயரில், வேறு வேறு ஸ்டேஜில் தொடங்கும். சிலதில் லைஃப் கூட்டி வைத்திருப்பார்கள். "கான்ட்ரா ரொம்ப ஈஸி" என்று யாராவது சொன்னால், எந்தக் கேசட்டில் ஆடினார் என்று கேளுங்கள்.

படி 2: பெட்டியால் என்ன முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃபேமிகாம் ஒரு படுக்கை வரியில் நகரும் துண்டுப் படங்கள் எட்டைத்தான் காட்டும். ஒன்பதாவது வந்தால் மறைந்துவிடும். ஒரேயடியாக மறையாமல் இருக்க, செய்தவர்கள் வரிசையை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். எதிரிகள் கூடும்போது எல்லாம் மினுக்கு மினுக்கு என்று தெரிவது அதனால்தான். இதைக் கேமின் குறையாக எழுதாதீர்கள். ஆனால், குண்டு தெரியாமல் மினுக்குகிற இடத்தில் அந்தக் குண்டாலேயே சாகடித்தால் அது செய்தவர் மேல்தான் வரும். எல்லை தெரிந்தும் அங்கே கூட்டம் சேர்த்தது அவர்.

எல்லையை நன்றாகக் கையாண்டவரைப் பாராட்டவும் வேண்டும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985) மொத்தமும் 40 கிலோபைட்டில் அடங்கியது. அதில் வருகிற மேகத்தையும் புதரையும் உற்றுப் பாருங்கள்: ஒரே உருவம், நிறம்தான் வேறு. 32 ஸ்டேஜுக்கு இடம் பிடித்தது இந்த மாதிரிச் சிக்கனத்தால்தான்.

முதல் பிளேஸ்டேஷன் (1994) என்றால் கணக்கு வேறு. அதில் சுவரும் தரையும் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். உருவங்களின் மூலைப் புள்ளிகளை அது முழு எண்ணில்தான் திரையில் வைக்கும், பின்னம் கிடையாது. மேலே ஒட்டுகிற படத்தையும் தூரத்துக்குத் தகுந்த மாதிரி சரிசெய்யாது. அந்தப் பெட்டியில் எல்லா 3டி கேமிலும் கொஞ்சம் நெளிவு இருக்கும். சைலன்ட் ஹில் (1999) செய்தவர்கள் தூரத்தை வரைய முடியாத குறையைப் பனிமூட்டத்தால் மூடினார்கள். அந்த மூட்டமே அதன் பயமாகிவிட்டது. ரெசிடென்ட் ஈவிலில் (1996) கதவு திறக்கிற காட்சி, சிடியிலிருந்து அடுத்த அறையை ஏற்றுகிற நேரத்தை மறைக்க வந்தது. அதுவும் அப்படித்தான்: கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறதோ என்ற திகில் சும்மா கிடைக்கிறது. இப்படிக் குறையைப் பலமாக்கிய இடம் கண்ணில் பட்டால் நோட்டில் தனியாகக் குறியுங்கள்.

படி 3: ஓடவிட்டுப் பாருங்கள்

கண்ணபுரம் சந்தையில் மாடு பிடிக்கிறவர் கொம்பை மட்டும் பார்த்து விலை பேச மாட்டார், பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். நீங்களும் ஸ்டேஜ் முடிக்கிற அவசரமில்லாமல் கொஞ்ச நேரம் சும்மா ஓடி, குதித்து, நின்று பாருங்கள்.

மாரியோவில் பட்டனை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. காற்றில் இருக்கும்போதே கொஞ்சம் திருப்பலாம். ஓடி நிற்கும்போது கால் வழுக்கும். ஐஸ் கிளைம்பரில் (1985) நேர் மேலே நன்றாகக் குதிக்கலாம், பக்கவாட்டில்தான் நகரவே மாட்டேன் என்கிறது. மலை ஏறுகிற கேமில் பக்கத்துத் தட்டுக்குத் தாவ முடியவில்லை என்றால் அதைப் பலவீனம் என்று தயங்காமல் எழுதலாம். ஒரே நிறுவனம், ஒரே வருடம், ஒரே பெட்டி. பெட்டி மேல் பழி போட முடியாது.

காஸில்வேனியாவில் (1986) குதித்தபின் திசை மாற்றவே முடியாது. இதைப் படித்ததும் குறை என்று எழுதத் தோன்றும். அவசரப்படாதீர்கள். எதிரிகள் வருகிற வேகமும் தட்டுகளின் தூரமும் அந்தக் குதிக்குத் தகுந்த மாதிரி அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. விறைப்பான குதி, அதற்கேற்ற மைதானம். இரண்டும் பொருந்துகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

படி 4: சொல்லாமல் சொல்லிக் கொடுக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மாரியோவின் முதல் ஸ்டேஜை ஒருமுறை மெதுவாகப் பாருங்கள். மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறார், வலப்பக்கம் வெறுமை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் கை தானாக வலப்பக்கம் போகும். மின்னுகிற கேள்விக்குறிப் பெட்டி ஒன்று, எதிரே முறைத்துக்கொண்டு நடந்து வருகிற காளான் தலையன். தொட்டால் செத்தீர்கள். இழந்தது சில நொடிதான். அடுத்த தடவை குதிக்கிறீர்கள்.

அடுத்த பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளியே வரும். இப்போதுதான் காளான் மாதிரி ஒன்றிடம் செத்திருக்கிறோம், பயந்து விலகத் தோன்றும். அது வலப்பக்கம் போய்க் கீழே விழுந்து, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பி வரும். தாண்டிக் குதிக்கப் பார்த்தால் தலைக்கு மேலே செங்கல் இருக்கிறது. இடித்து அதன் மேலேயே விழுவீர்கள். விழுந்ததும் மாரியோ பெரிதாகிறார். நல்லது எது, கெட்டது எது என்று ஒரு எழுத்துக்கூட இல்லாமல் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஸ்டேஜ் முடிவில் இரண்டு ஜோடிப் படிக்கட்டு வரும். முதல் ஜோடிக்கு நடுவே தரை, அடுத்த ஜோடிக்கு நடுவே குழி. முதலில் பத்திரமாகப் பழகு, அப்புறம் நிஜமாகத் தாண்டு என்று அர்த்தம். வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் இவ்வளவு கவனம் எடுத்திருக்கிறார்கள்.

அதே கேமில் 7-4 (ஏழாவது உலகத்தின் நாலாவது ஸ்டேஜ்) போங்கள். தப்பான வழியில் போனால் அதே இடம் திரும்பத் திரும்ப வரும். போனது சரியா தப்பா என்று காட்ட ஒரு சத்தம், ஒரு குறி கிடையாது. முதல் ஸ்டேஜில் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் இங்கே கையை விட்டுவிட்டார்கள். நல்ல கேமிலும் பலவீனம் இருக்கும். பிடித்த கேம் என்பதற்காக இதை மறைக்க வேண்டாம்.

படி 5: ஒவ்வொரு சாவுக்கும் காரணம் எழுதுங்கள்

நோட்டு இங்கேதான் கட்டாயம் வேண்டும். செத்ததும் ஒரு வார்த்தை எழுதுங்கள்: 'கை' (என் தப்பு), 'தெரியல' (முன்னாடியே தெரிய வாய்ப்பே இல்லை), 'கேம்' (சரியாகச் செய்தும் சாகடித்தது). ஒரு பக்கம் நிறைந்ததும் எண்ணிப் பாருங்கள். 'கை' அதிகம் என்றால் கேம் கஷ்டமானது, ஆனால் நியாயமானது. மற்ற இரண்டும் அதிகம் என்றால் கேமில்தான் கோளாறு.

கான்ட்ரா (ஃபேமிகாமில் 1988) ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போய்விடும். மூன்று லைஃப்தான். ஆனால் எதிரியின் குண்டு கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் வரும், விலக இடம் இருக்கும். எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் 'கை' என்றே வரும். கஷ்டம் ஏன் என்றும் யோசியுங்கள்: கை பழகினவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிற கேம் அது. நினைவகம் சின்னது, ஸ்டேஜ் கொஞ்சம். காசு போட்டு ஆடுகிற ஆர்கேடிலிருந்து வந்தது வேறு. (மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ அழுத்தி 30 லைஃப் வாங்கி ஆடலாம், தப்பில்லை. ஆனால் முதலில் மூன்றில் ஆடிவிட்டு எழுதுங்கள்.)

நிஞ்ஜா கெய்டன் (1988) கலவையானது. குழியைத் தாண்டுகிற நேரம் பார்த்துப் பறவை வந்து இடிக்கும், அடி பட்டால் பின்னால் தூக்கிப் போட்டுக் குழியில் தள்ளும். கொன்ற எதிரி, ஒரு அடி பின்வாங்கினால் அதே இடத்தில் முளைப்பான். கடைசிப் பாஸிடம் (முடிவில் வருகிற பெரிய எதிரி) தோற்றால் ஆறாவது பாகத்தின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பும். இதெல்லாம் 'கேம்' கணக்கில் போகும். அதே சமயம் எத்தனை தடவை வேண்டுமானாலும் தொடர விடுகிறது, நடுநடுவே சினிமா மாதிரி கதை சொல்கிறது. இரண்டையும் எழுதுங்கள்.

படி 6: கரண்ட் போனால் என்ன ஆகும்?

2012 வாக்கில் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரண்ட் போனால் தறியும் நின்றது, எட்டாவது உலகம் வரை போன மாரியோவும் போனார். மாரியோவில் சேமிக்கிற வசதியே கிடையாது. மெகா மேன் 2 (1988) 5க்கு 5 கட்டத்தில் புள்ளி வைத்து ஒரு பாஸ்வேர்டு கொடுக்கும். நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டு அடுத்த நாள் அங்கிருந்தே தொடங்கலாம். செல்டா என்கிற கேமின் கேசட்டுக்குள் பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் சேமித்ததும் போய்விடும். பழைய கேசட் வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்குங்கள்.

மணிக்கு இவ்வளவு என்று கடையில் காசு கொடுத்து ஆடியவர்களின் கருத்தையும் இந்தக் கணக்கோடுதான் கேட்க வேண்டும். டெக்கன் 3 என்கிற சண்டை கேமில் ஒரு ஆட்டம் இரண்டு நிமிடத்தில் முடியும், கொடுத்த காசுக்கு நிறைய ஆடலாம். ரெசிடென்ட் ஈவிலை அந்த ஒரு மணி நேரத்தில் ரசிக்கவே முடியாது. அது கேமின் குறை ஆகாது.

படி 7: சத்தத்தை நிறுத்திப் பாருங்கள்

சோமனூரில் தறி ஓடுகிற வீட்டில் ஆடியவர்கள் பாதிக் கேமைச் சத்தமே கேட்காமல்தான் ஆடியிருப்பார்கள். ஒரு ஸ்டேஜ் சத்தமில்லாமல், ஒரு ஸ்டேஜ் சத்தத்தோடு ஆடுங்கள். கை தடுமாறினால் ஒலி அங்கே வேலை செய்கிறது என்று அர்த்தம். ஃபேமிகாமில் ஒலிக்கு ஐந்தே தடங்கள். மாரியோ குதிக்கிற சத்தம் வரும்போது பாட்டின் ஒரு இழை நின்றுவிடும். கோஜி கொண்டோ அமைத்த பாட்டு அப்படி அறுந்தும் கெடாமல் ஓடுகிறது.

படி 8: எழுதுங்கள்

கதை, வருடம் எல்லாம் ஒரு வரி போதும். மார்க் போட வேண்டாம். பத்துக்கு ஏழு என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. பலம், பலவீனம், அது யாரால் வந்தது, யாருக்கு இந்த கேம் பொருந்தும், இவ்வளவுதான். பேட்டில் சிட்டிக்கு நான் எழுதியது இது, ஒரு மாதிரிக்கு:

"பேட்டில் சிட்டி, நாம்கோ, 1985. நம் பீரங்கி வண்டியால் கீழே இருக்கும் கழுகைக் காக்க வேண்டும். ஒரு ஸ்டேஜுக்கு எதிரி வண்டிகள் 20. எதிரி எப்போதும் மேலே மூன்றே இடத்திலிருந்துதான் வருவான் என்பதால் செத்தால் அது நம் கைத் தப்புதான். செங்கல் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது. வழி திறக்க உடைத்தால் அதே வழியில் எதிரி கழுகுக்கு வருவான். ஒவ்வொரு குண்டையும் யோசித்துச் சுட வைக்கிற இந்த ஏற்பாடுதான் இதன் பெரிய பலம். நம் குண்டு கழுகைக் கொல்லும், கூட ஆடுகிறவரைக் கொஞ்ச நேரம் உறைய வைக்கும். 'நம்ம கழுகையே சுட்டுப் போட்டியேடா!' என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வருவது உறுதி, அதுவும் பலமே. பலவீனம்: 35 ஸ்டேஜுக்கு அப்புறம் அதே வரைபடங்கள் திரும்ப வருகின்றன. நாமே வரைபடம் கட்டலாம், பெட்டியை அணைத்தால் அழிந்துவிடும். சேமிக்க இடமில்லாத கேசட்டின் குறை அது. இரண்டு பேர் இருந்தால் உடனே எடுங்கள். தனியாள் என்றால் பத்து ஸ்டேஜுக்கு மேல் இழுக்காது."